கரைப்பான் கலந்த கழிவுநீர்: நுண்ணுயிரிடம் விடலாமா, லாரியில் ஏற்றலாமா?

சிங்கப்பூரின் தொழிற்பேட்டைகளான துவாஸ், ஜூரோங் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்கள் ஒரே மாதிரியான கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "எங்கள் ஆலையில் பாகங்களைக் கழுவிய தண்ணீரில் அசிட்டோனும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் கலந்திருக்கின்றன. இப்போதைக்கு லாரிக்காரரிடம் கொடுக்கிறோம், செலவு தாங்கவில்லை. நுண்ணுயிர்த் தொட்டி போடலாம் என்கிறார் ஒரு விற்பனையாளர். கார்பன், அதாவது கரி, போதும் என்கிறார் இன்னொருவர். பாஸ் ஒப்பிட்டு எழுதிக் கொடு என்கிறார். எதை எழுதுவது?"

இரண்டு விற்பனையாளர்களும் பொய் சொல்லவில்லை. ஒருவர் அசிட்டோனை மனத்தில் வைத்துப் பேசுகிறார், இன்னொருவர் டொலுவினை. இரண்டும் கரைப்பான்தான், ஆனால் தண்ணீருக்குள் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு. அதனால் கருவியைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு கற்பனை ஆலையை வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10 கனமீட்டர் கழிவுநீர். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் அசிட்டோன், 1,000 மில்லிகிராம் ஐசோபுரோபைல் ஆல்கஹால். ஒரு கிராம் அசிட்டோன் எரிய 2.2 கிராம் ஆக்சிஜன் வேண்டும், ஆல்கஹாலுக்கு 2.4 கிராம். ஆக, தண்ணீரில் உள்ள அழுக்கை முழுதும் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன், அதாவது சிஓடி, லிட்டருக்கு 4,600 மில்லிகிராம். நாளுக்கு 46 கிலோ. அதில் சுமார் 40 கிலோவை எடுத்தால்தான் சாக்கடைக்கு விடும் அளவுக்கு வரும். இந்தக் கணக்கு கீழே எல்லா இடத்திலும் வரும்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் சட்டம். பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். லிட்டருக்கு பிஓடி (நுண்ணுயிர் தின்னும்போது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 400, சிஓடி 600 மில்லிகிராம் என்பது எல்லாருக்கும் தெரிந்த வரம்பு. பலர் கவனிக்காமல் விடுவது வேறு மூன்று: குளோரைடு 1,000, சல்பேட் 1,000, கரைந்த திடப்பொருள் மொத்தம் 3,000. ஒரு தொல்லையைத் தீர்க்கப்போய் இந்த மூன்றில் ஒன்றில் மாட்டிக்கொள்வது மிகச் சுலபம். எப்படி என்று பின்னால் பார்ப்போம். சில கரைப்பான்களுக்குத் தனி வரம்பும் உண்டு என்பதால் உங்கள் அனுமதிக் கடிதத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். குழாய்த் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து வரம்புக்குள் கொண்டுவரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அதற்குத் தடை இருக்கிறது. மழைநீர் வடிகாலில் விடுவதா? அங்கே சிஓடி வரம்பே 100தான். அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

இவ்வளவு கறார் ஏன் என்றால், இங்கே சாக்கடையில் போகும் தண்ணீர் சாக்கடையோடு முடிவதில்லை. 2003 முதல் அது சுத்திகரிக்கப்பட்டுப் 'புதுநீர்' என்ற பெயரில் திரும்பிப் பயன்பாட்டுக்கு வருகிறது. அசிட்டோன் போன்ற சின்ன, மின்னேற்றமில்லாத மூலக்கூறுகள் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் சவ்விலும் ஓரளவு நழுவிப் போகும். நடுவில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நீர் மீட்பு ஆலையும் நுண்ணுயிரை நம்பித்தான் ஓடுகிறது. குழாய்க்குள் இறங்கி வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, கரைப்பானின் குணம். நுண்ணுயிர் அதைத் தின்னுமா? தண்ணீரை விட்டுக் காற்றுக்குத் தாவுமா? அதில் குளோரினோ நைட்ரஜனோ இருக்கிறதா? இந்த மூன்று பதில்கள் கையில் இருந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது.

மூன்றாவது, எவ்வளவு, எவ்வளவு சீராக. தினமும் ஒரே மாதிரி வரும் 10 கனமீட்டரும், மாதம் இருமுறை தொட்டி கழுவும்போது கொட்டும் 10 கனமீட்டரும் ஒன்றல்ல.

அப்புறம், கரைப்பான் கடைசியில் எங்கே போகிறது, இடம் இருக்கிறதா, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா. விலைப்பட்டியலில் இந்த மூன்றும் இருக்காது.

லாரியில் ஏற்றி அனுப்புவது

உரிமம் பெற்ற நச்சுத் தொழிற்கழிவுச் சேகரிப்பாளர் வருவார், ஏற்றுவார், போவார். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். கட்டுமானம் இல்லை, ஆள் பயிற்சி இல்லை.

ஆனால் நம் ஆலையில் அந்த 10 டன்னில் கரைப்பான் வெறும் 20 கிலோ. மீதி 9,980 கிலோ தண்ணீர். தண்ணீரைச் சுமக்கவும் எரிக்கவும் பணம் கொடுக்கிறீர்கள். மறைந்திருக்கும் செலவு சேமித்து வைப்பதில் வரும். எளிதில் தீப்பற்றும் திரவத்தை ஓரளவுக்கு மேல் வைத்திருந்தால் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் தேவைப்படும். லாரி ஒருநாள் வராவிட்டால் உற்பத்தியை நிறுத்த வேண்டிய நிலையும் வரலாம்.

நாளுக்கு ஒரு கனமீட்டருக்குக் குறைவாக இருந்தாலோ, கலவை வாரத்துக்கு வாரம் மாறினாலோ, ஆலை ஓரிரு ஆண்டில் இடம் மாறப்போகிறது என்றாலோ லாரியே சரி. இதைத் தோல்வி என்று நினைக்கத் தேவையில்லை.

காற்றடித்து விரட்டுவது, கரியில் பிடிப்பது

உயரமான கோபுரத்தில் மேலிருந்து தண்ணீர் விழும், கீழிருந்து காற்று ஏறும். டொலுவின், டிரைகுளோரோஎத்திலீன், டைகுளோரோமீத்தேன் மாதிரி தண்ணீரோடு ஒட்டாத கரைப்பான்கள் காற்றுக்குத் தாவிவிடும். அந்தக் காற்றைக் கரிப்படுகை வழியாக விட்டால் கரி பிடித்துக்கொள்ளும். சிறிய இடம், உடனே ஓடத் தொடங்கும், விடுமுறையில் நிறுத்தி வைக்கலாம். குளோரின் உள்ள கரைப்பான்களுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

அசிட்டோனும் ஆல்கஹாலும் வேறு கதை. அவை தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும், சாதாரணக் காற்றுக்கு அசையாது. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கிறதே, சுலபமாக ஆவியாகுமே என்று கேட்பார்கள். தூய அசிட்டோனுக்கு அது சரி. தண்ணீரில் கரைந்து கிடக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அசிட்டோன் அப்படி நடந்துகொள்ளாது, அதைக் கிளப்ப நீராவி வேண்டும். கரியும் அதைச் சரியாகப் பிடிக்காது. 100 கிலோ கரி 5 கிலோ கரைப்பானைப் பிடிக்கிறது என்று தாராளமாக வைத்தாலும், நாளுக்கு 20 கிலோவுக்கு 400 கிலோ கரி வேண்டும். தீர்ந்த கரியும் நச்சுக் கழிவுதான். மறுபடி லாரி.

ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றுவது

ஹைட்ரஜன் பெராக்சைடோடு இரும்பு உப்பு சேர்க்கும் ஃபென்டன் முறை, ஓசோன், புறஊதா ஒளியோடு பெராக்சைடு என்று பல வடிவம். நுண்ணுயிர் தொட மறுக்கும் சில பொருள்களுக்கு இவை கைகொடுக்கும். 1,4-டையாக்ஸேன் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது காற்றுக்கும் போகாது, கரியிலும் சரியாக ஒட்டாது, பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கும் பிடிக்காது.

பெரிய அளவுக்கு இது கட்டுப்படியாகாது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். ஒரு கிலோ சிஓடிக்கு 2.1 கிலோ பெராக்சைடு வேண்டும். நம் 40 கிலோவுக்கு 85 கிலோ, அதாவது கடையில் வாங்கும் 50 விழுக்காட்டுக் கரைசலில் 170 கிலோ. தினமும்! வீணாவதை இதில் சேர்க்கவே இல்லை. ஃபென்டனுக்கு அமிலத்தன்மை (பிஎச்) 3 அளவில் இருக்க வேண்டும் என்பதால் கந்தக அமிலம் ஊற்றுவார்கள், இரும்பு சல்பேட் போடுவார்கள். சல்பேட் வரம்பு 1,000 என்று சொன்னது நினைவிருக்கிறதா? அதோடு இரும்புக் கசடு வேறு சேரும். கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோஃபார்ம் வகைகளை, இந்த முறைகளில் உருவாகி வேலை செய்யும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற வீரியமான துகளும் அவ்வளவாக அசைப்பதில்லை.

கடைசி மெருகுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். முழு வேலையையும் இதன் தலையில் கட்ட வேண்டாம்.

காற்றோடு வாழும் நுண்ணுயிர்

1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர், கழிவுநீரில் காற்றடித்த பிறகு அடியில் தங்கும் கசட்டைக் கொட்டாமல் அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டார்கள். சுத்திகரிப்பு வேகமெடுத்தது. அந்தக் கசடுதான் நுண்ணுயிர்க் கூட்டம். இன்றைய தொட்டிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன, கசட்டைப் பிரிக்க இப்போது பல இடங்களில் சவ்வு இருக்கிறது. பாலுக்கு உறை ஊற்றுவது போல, ஏற்கெனவே ஓடும் ஆலையிலிருந்து கசடு வாங்கி வந்து ஊற்றித்தான் புதுத் தொட்டியைத் தொடங்குவார்கள். உங்கள் கரைப்பானுக்கு அந்தக் கூட்டம் பழக வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களுக்கு லாரியும் வேண்டும், பட்ஜெட்டில் எழுதிவையுங்கள்.

மெத்தனால், எத்தனால், ஐசோபுரோபைல் ஆல்கஹால், அசிட்டோன் எல்லாம் இவற்றுக்குச் சாப்பாடு. நம் ஆலைக்குத் தொட்டியின் ஒரு கனமீட்டருக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ சிஓடி என்று நிதானமாகக் கணக்கிட்டால் 30 கனமீட்டர் தொட்டி போதும். மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், தண்ணீர் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். காற்றூட்டச் சுமார் 25 கிலோ ஆக்சிஜன், அதற்குச் சில பத்து யூனிட் மின்சாரம். ஐரோப்பாவில் குளிர்காலத்துக்காகத் தொட்டியைப் பெரிதாகக் கட்டுவார்கள். இங்கே தண்ணீர் ஆண்டு முழுவதும் 30 டிகிரியை ஒட்டியே இருப்பதால் அந்தச் செலவு இல்லை. வெளிநாட்டு வடிவமைப்பை அப்படியே விற்க வருபவரிடம் இதைக் கேளுங்கள்.

மறைந்த செலவுகள்தான் இங்கே அதிகம்.

ஒன்று, சத்து. நம் இரண்டு கரைப்பான்களிலும் நைட்ரஜனோ பாஸ்பரஸோ இல்லை. பிஓடி 100 பங்குக்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற பழைய விகிதப்படி, நம் ஆலைக்கு நாளுக்கு மூன்று கிலோவுக்கு மேல் யூரியா போட வேண்டும், கூடவே கொஞ்சம் பாஸ்பேட். பணம் பெரிதில்லை. ஆனால் போட மறந்தால் கசடு கூழாகி மிதக்கும், சவ்வு அடைத்துக்கொள்ளும்.

இரண்டு, கசடு. தின்றதில் ஒரு பகுதி புது உடலாகும். நாளுக்கு 12 கிலோ உலர் கசடு என்றால், பிழிந்த பிறகும் ஈரத்தோடு 80 கிலோ. அதையும் யாராவது எடுத்துப் போக வேண்டும்.

மூன்று, விடுமுறை. சீனப் புத்தாண்டுக்கு ஆலை ஒரு வாரம் மூடினால் நுண்ணுயிருக்குப் பட்டினி. திரும்பி வந்த முதல் நாள் முழு அளவையும் திறந்துவிட்டால் அஜீரணம். முன்னால் ஒரு சமன்படுத்தும் தொட்டி இருந்தால் மூடும் நாள்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்து ஊட்டலாம். திடீரென ஒரு டிரம் கொட்டினாலும் அதுதான் காப்பாற்றும். இடமில்லை என்று இந்தத் தொட்டியை முதலில் வெட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், இது இல்லாமல் நுண்ணுயிர்த் தொட்டியே வாங்காதீர்கள்.

நான்கு, ஆள். கரைந்த ஆக்சிஜன், அமிலத்தன்மை, கசட்டின் நிறம், வாடை இவற்றைத் தினமும் பார்க்கும் ஒருவர் வேண்டும். அவர் ஊருக்குப் போனால் இன்னொருவர்.

இனி, எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடிய விஷயம். டொலுவினை நுண்ணுயிர் நன்றாகத் தின்னும். ஆனால் தொட்டியில் காற்றைக் குமிழ் குமிழாக விடும்போது அது தின்னப்படுவதற்கு முன்பே காற்றோடு கிளம்பிவிடலாம். வெளியேறும் தண்ணீரைச் சோதித்தால் டொலுவின் இல்லை, அறிக்கை பிரமாதம். பக்கத்து ஆலைக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். தண்ணீரில் காணவில்லை என்பதற்கு நுண்ணுயிர் தின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மூடிய தொட்டியா, வெளியேறும் காற்றையும் அளந்து காட்டுவீர்களா என்று கேட்டால் விற்பனையாளரின் முகமே பாதி பதில் சொல்லும்.

டைகுளோரோமீத்தேனையும் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டு. ஹைப்போமைக்ரோபியம், மெத்திலோபாக்டீரியம் இனங்களில் சில அதை மட்டுமே உணவாகக் கொண்டு வளரும். ஆய்வுக்கூடத்தில் இது அழகான செய்தி. ஆலையில் என்ன ஆகும்? ஒரு கிலோ டைகுளோரோமீத்தேன் 0.86 கிலோ ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறும், அதை முறிக்க 0.94 கிலோ காஸ்டிக் சோடா. முறித்த பின் மிஞ்சுவது உப்பு. தண்ணீரில் லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் இருந்தால், நுண்ணுயிர் தன் வேலையைச் சுத்தமாக முடித்ததனாலேயே குளோரைடு 1,000 வரம்பைத் தொட்டுவிடும்.

டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பான் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. அதன் எடையில் 19 விழுக்காடு நைட்ரஜன். யூரியாச் செலவு மிச்சம், ஆனால் வெளியே வருவது அம்மோனியா. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் மெதுவாக வளர்பவை, தொட்டி பெரிதாகும்.

காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்

1970-களில் நெதர்லாந்தில் வாகனிங்கனில் ஹட்ஸ லெட்டிங்கா குழு உருவாக்கிய மேல்நோக்கி ஓடும் கசட்டுப் படுகை இதன் பிரபலமான வடிவம். காற்றூட்டும் மின்சாரம் இல்லை, கசடு மிகக் குறைவு, ஒரு கிலோ சிஓடிக்கு 0.35 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கும். கேட்க இனிக்கும். நம் ஆலையில் அது நாளுக்கு 14 கனமீட்டர். அதற்காக எரிவாயுப் பாதுகாப்பு, கசிவு எச்சரிக்கைக் கருவி, எரிப்பான் எல்லாம் வைத்தால் கணக்கு உதைக்கும். தொடங்க மாதக்கணக்கில் ஆகும், கடைசியில் காற்றூட்டுத் தொட்டியும் கூடவே வேண்டும். ஜூரோங் நீர் மீட்பு ஆலையில் பொதுப் பயனீட்டுக் கழகம் தொழிற்கழிவுநீருக்காகச் சோதித்த அமைப்பிலும் இந்தப் படுகைக்குப் பின்னால் பீங்கான் சவ்வுத் தொட்டி இருந்தது. பெரிய அளவில், சூடான, கெட்டியான, மெத்தனால் வகைக் கழிவு தினமும் வந்தால் இதைப் பாருங்கள்.

குளோரின் அதிகமுள்ள டெட்ராகுளோரோஎத்திலீன், டிரைகுளோரோஎத்திலீன் இரண்டுக்கும் நுண்ணுயிர் வழி தேடினால் காற்றில்லா உலகில்தான் விடை இருக்கிறது. டீஹாலோகொக்காய்டிஸ் என்ற நுண்ணுயிர் அவற்றைச் சுவாசிக்கிறது, குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கடைசியில் எத்திலீனாக விடுகிறது. 1997-ல் இதைத் தனியே பிரித்தெடுத்ததாக அறிவித்தார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இதில் தொடர்ந்து ஆய்வு நடக்கிறது. வழியில் ஒரு கண்ணி இருக்கிறது: கடைசிக்கு முந்திய படி வினைல் குளோரைடு, புற்றுநோய் உண்டாக்கும் வாயு. வேலை பாதியில் நின்றால் தொடங்கியதைவிட மோசமான பொருள் கையில் இருக்கும். பல ஆண்டுகள் காத்திருக்கக்கூடிய நிலத்தடி நீருக்கு இது அருமையான வழி. இன்று மாலைக்குள் தண்ணீரை வெளியே விட வேண்டிய துவாஸ் ஆலைக்கு அல்ல.

கலக்கவிடாமல் பிடிப்பது

கழிவுநீரில் ஆயிரத்தில் இரண்டு பங்காகப் பரவிய கரைப்பானை வடித்தெடுப்பது கட்டாது. ஆனால் முதல் கழுவலை மட்டும் தனி டிரம்மில் பிடித்தால், அதில் கரைப்பான் கெட்டியாக இருக்கும். வடித்துத் திரும்பப் பயன்படுத்தலாம், அல்லது அந்தச் சின்ன அளவை மட்டும் லாரியில் அனுப்பலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சாதாரண வடிகலனில் 88 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த முடியாது, தண்ணீரோடு சேர்ந்தே கொதிக்கும். தரையைத் துடைக்க அது போதும், சிலிக்கான் வேஃபர் கழுவப் போதாது.

ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் கரைப்பான் | நம் ஆலைக்கு ஒரு நாளில் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| லாரி | எதுவும் | 10 டன் ஏற்ற வேண்டும் | சேமிப்பு உரிமம், தாமதம் |
| காற்றடிப்பு, கரி | டொலுவின், குளோரின் வகை | 400 கிலோ கரிக்குக் குறையாது | தீர்ந்த கரி |
| ஆக்சிஜனேற்றம் | டையாக்ஸேன், கடைசி மெருகு | 170 கிலோ பெராக்சைடு | சல்பேட், இரும்புக் கசடு |
| காற்றோடு நுண்ணுயிர் | ஆல்கஹால், அசிட்டோன் | 80 கிலோ ஈரக் கசடு | ஆள், விடுமுறை, காற்றில் கசிவு |
| காற்றில்லா நுண்ணுயிர் | மெத்தனால், பெரிய அளவு | 14 கனமீட்டர் மீத்தேன் | எரிவாயுப் பாதுகாப்பு, நீண்ட தொடக்கம் |

நம் கற்பனை ஆலைக்கு நான் எழுதிக் கொடுப்பது: முதல் கழுவலைப் பிரித்து டிரம்மில் பிடியுங்கள், மீதித் தண்ணீருக்குச் சமன்படுத்தும் தொட்டியோடு காற்றூட்டும் நுண்ணுயிர்த் தொட்டி. முதல் கழுவல் போனதும் 46 கிலோ எவ்வளவாகக் குறைகிறது என்று அளந்த பிறகு தொட்டியின் அளவை முடிவு செய்யுங்கள். பாதியாகக் குறைந்தால் தொட்டியும் ஏறக்குறைய பாதிதான். அடுக்குமாடித் தொழிற்கூடத்தில் மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத் தரை எவ்வளவு எடை தாங்கும் என்பது முதல் கேள்வி. 30 கனமீட்டர் தண்ணீர் என்றால் 30 டன். அங்கே லாரியே ஜெயிக்கலாம்.

அதே தண்ணீரில் டைகுளோரோமீத்தேனும் இருந்தால், அதைத் தனிக் குழாயில் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் காற்றடித்து விரட்டிவிட்டு மீதியை நுண்ணுயிருக்குக் கொடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் உங்கள் சொந்தத் தண்ணீரில் சில வாரம் சிறிய தொட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாதிரி எடுக்க நல்ல நாள் பார்க்காதீர்கள். தொட்டி கழுவும் நாள், ஷிப்ட் மாறும் நேரம், யாரோ டிரம் சாய்த்துவிட்ட மாலை, இவற்றிலிருந்தும் ஒவ்வொரு கேன் கொடுங்கள்.